இந்த வருஷத்து முதல் மழை

அன்புள்ள அத்தானுக்கு,

வானிலை ஆபீஸில் எங்கள் ஃபோன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் ஆபீஸ் டிரைவர் கோ டுன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

அணுகுண்டுச் சோதனை பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கதிர்வீச்சுத் தூசியைக் காற்று எங்கே கொண்டுபோகும் என்று காலையிலிருந்து கணக்குப் போடுகிறோம். நம் யாங்கோன் நகரத்துக்கு மேலே வெகு உயரத்தில் கடந்து போய்விடும், பயமில்லை என்கிறார்கள் மேலதிகாரிகள். மழை பெய்தால் அந்தத் தூசி எங்கே இறங்கும் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நம் வீடு இருக்கிற தாகேதா பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது.

"மொத மழையில நனைஞ்சா வேர்க்குரு போயிரும்" என்று வருஷா வருஷம் பாப்பாவை வாசலில் இறக்கிவிடுவீர்களே, இந்த வருஷம் வேண்டாம். அழுதாலும் விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால், ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்று சொல்லுங்கள்.

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

வேலை முடிந்ததும் வந்துவிடுவேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும், குடை கொண்டுவரவில்லை. என் குரல் கேட்டதும் பாப்பா ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். நான் நனைந்திருந்தால், அவளை என்னிடம் விடாதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா