காஸ் காகிதத்தில் நான் தாண்டிய வரி

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை.

வீட்டுக்காரர் பெண்டஹாரா சாலைக் கடையிலிருந்து ஒரு செய்தி கொண்டு வந்தார். காஸ் தோங், அந்த இரும்பு உருளை, ஒன்றுக்கு விலை இரண்டு வெள்ளி குறைந்துவிட்டதாம். எங்களுக்குக் கிடையாது. வருடம் முழுக்க ஒரே விலை என்று கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். எங்களுக்காவது அவர் சம்பளம் இருக்கிறது. பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா இடியாப்பம் விற்றுப் பிழைப்பவர். மாதம் மூன்று தோங் தீரும்.

அக்காவைக் கையெழுத்துப் போட வைத்தது நான்.

மார்ச் 5, புதன்

வெயில். துணி காய்ந்தது. காகிதத்தை எடுத்துப் பார்த்தேன்.

கையெழுத்துப் போட்ட அன்று காஸ் விற்க வந்தவர் நீட்டியது இங்கிலீஷ் காகிதம். கான்வென்டில் படித்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தெருப் பெண்கள் நாலு பேர் சுற்றி. விலை ஏறினாலும் நமக்கு ஏறாது என்று ஜோராகச் சொன்னேன். அடுத்த வரி பாதிதான் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தாண்டிவிட்டேன்.

இன்று அகராதியோடு உட்கார்ந்தேன். விலை இறங்கினாலும் நமக்கு இறங்காது. வருடம் முடியும்வரை வேறு கடையில் வாங்கவும் கூடாது. அவ்வளவுதான் அந்த வரி. பெரிய படிப்புக்காரி நான்! வெட்கக்கேடு.

மார்ச் 6, வியாழன்

அரிசி, தேங்காய், கருவாடு. அவர் சட்டைக்குப் பொத்தான்.

ராசம்மா அக்கா கூடையோடு எதிரே வந்தார். பின்சந்தில் நுழைந்துவிட்டேன். திருடி மாதிரி.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் இருமல். காஸை மிச்சம் பிடிக்கப் பாதி இடியாப்பத்தைக் கரி அடுப்பில் அவிக்கிறாராம். அந்தப் புகை ஆகாது என்றுதான் காஸுக்கே மாறினார்.

மார்ச் 7, வெள்ளி

அக்காவே வந்துவிட்டார். கையில் குடியுரிமை மனு. மெர்டேக்கா ஆகி நாடு சுதந்திரம் பெற்றும் இன்னும் எழுதிப் போடவில்லையாம்.

"இதையும் நீயே படிச்சுச் சொல்லு. எங்க கையெழுத்துன்னு காட்டு."

படித்தேன். மூன்றாவது வரியில் ஒரு வார்த்தை. அதில் விரலை வைத்தேன்.

"இது எனக்குப் புரியலக்கா. அன்னைக்கு அந்தக் காஸ் காகிதத்துலயும் ஒரு வரி புரியல. சொல்லாம விட்டுட்டேன்."

அக்கா கூடையைக் கீழே வைத்தார்.

"தெரியும். அந்த இடத்துல நீ கொஞ்சம் நின்னுட்டுப் போன. நாலு பேரு முன்னால கேட்டா உனக்கு ஒரு மாதிரி இருக்கும்னுதான் பேசாம கையெழுத்துப் போட்டுட்டேன்."

அழுதேன். அக்கா முன்னாலேயே.

இரண்டு காகிதமும் மேசை மேல். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் கேட்க வேண்டும்: இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், காஸ் காகிதத்திலிருந்து விடுபட வழி உண்டா என்று.