தங்கராஜுக்கு ஒரு கை

8-2-1938, செவ்வாய்

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? படிக்கப்போவது நான்தானே. கரும்பு வெட்டிய கை, பென்சிலையும் கத்தி மாதிரிதான் பிடிக்கிறது. ஆனாலும் இந்த நோட்டின் அட்டையில் சிவன் என்ற பெயரை அறுபத்து நான்கு வயதில் நானே எழுதிவிட்டேன்! காலையிலிருந்து பத்துத் தடவை எடுத்துப் பார்த்தாயிற்று.

தங்கராஜ் சனிக்கிழமை செத்துப்போனான். கரும்புக் கூலிகளாக இந்தத் தீவுக்கு ஒரே கப்பலில் வந்த எங்கள் நால்வரில் — நான், அவன், காசிம், அப்பல்சாமி — முதலில் போனவன். சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் சனிதோறும் பெரியவர்களுக்கு வகுப்பு. எங்கள் வோட்டுவாலேவு ஊரிலிருந்து நாடி டவுனுக்குத் தன் சாம்பல் குதிரையில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவான். என் முழங்கால் அவ்வளவு தூரம் தாங்காது. குதிரை இல்லையென்றால் எழுத்தும் இல்லை.

அவனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. சாகும்போது சொன்னான்: "சீட்டுல எல்லாப் புளியங்கொட்டையும் ஜெயிக்கிறவன் குதிரைய எடுத்துக்கங்கடா. பதினாறாம் நாள் வரைக்கும் எனக்கும் ஒரு கை சீட்டு போடணும். நான் ஜெயிச்சா அவுத்து விட்டுடுங்க." கப்பல் கூட்டாளியை இங்கே ஜகாஜி என்போம். ஜகாஜி சொன்னதைத் தட்ட முடியாது.

13-2, ஞாயிறு

மத்தியானம் காசிம் வீட்டு மாமரத்தடியில் ஆட்டம். கூலி லைனில் இருந்த காலத்தில் துரைகள் ஆடுவதைப் பார்த்துக் கற்ற போக்கர். ஆளுக்கு இருபது புளியங்கொட்டை, ஐந்து சீட்டு. வேண்டாததை ஒருமுறை மாற்றலாம். முன்னவன் வைத்ததற்குச் சமம் போடலாம், இல்லை ஏற்றலாம். ஏற்றினால் இரண்டு கொட்டைதான், அதற்கு மேல் கூடாது.

தங்கராஜின் பாயை விரித்து அவன் சீட்டைக் கவிழ்த்து வைத்தோம். காசிம் அவனுக்காக இரண்டு கொட்டை வைப்பான், யார் ஏற்றினாலும் சமம் போடுவான். அந்தக் கை தானாக ஏற்றாது, மாற்றாது, சீட்டைப் போட்டுவிட்டு ஓடாது.

எனக்கு மூன்று ஆஸ் வந்தது. ஏற்றினால் அப்பல்சாமி ஓடிவிடுவான் என்று நைசாகச் சமம் போட்டேன். மலிவாக உள்ளே வந்தவன், ஒரு சீட்டு மாற்றி ஐந்தையும் ஸ்பேடாக்கி, அது மூன்று ஆஸைவிடப் பெரிது, என்னை அடித்துவிட்டான்.

"ஏத்தியிருந்தா போயிருப்பேனே, சிவண்ணா!" என்று அள்ளினான்.

"பெரிய கைய வச்சுக்கிட்டு பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்கியே," என்றான் காசிம். "ஏத்துய்யா!"

14-2

எழுத மறந்தது. தங்கராஜ் நேற்று ஏழு முறை ஜெயித்தான்.

16-2, புதன்

காலையில் மழை, மத்தியானம் விட்டது. மறுபடி ஆடினோம். அப்பல்சாமியின் கொட்டை தீர்ந்தது.

ஒன்று பார்த்தேன். குதிரை பக்கத்தில் கட்டிக் கிடக்கிறது, புல் மெல்லுகிறது. தங்கராஜின் கவிழ்ந்த சீட்டு நல்லதாக இருந்தால் மெல்லுவதை நிறுத்திவிடுகிறது. நாங்கள் திருப்பிப் பார்க்கும் முன்பே! நான்கு முறை பார்த்துவிட்டேன். தங்கராஜும் இப்படித்தான் — நல்ல கை வந்தால் வெற்றிலை மெல்லுவது நின்றுபோகும்.

யாரிடமும் சொல்லவில்லை.

20-2, ஞாயிறு

பதினாறாம் நாள். படையல் முடிந்து உட்கார்ந்தோம். காசிமும் தீர்ந்தான். மிச்சம் நானும் தங்கராஜும்.

சீட்டு மாற்றும் முன் வைத்தது போக என்னிடம் நான்கு கொட்டை. மாற்றியதும் கையில் மூன்று ராஜா, இரண்டு எட்டு! காசிம் அவனுக்காக இரண்டு வைத்தான். எதிராளி ஓட முடியாதவன். இந்தக் கைக்கு ஏற்றாமல் வேறு எதற்கு ஏற்றுவது?

குதிரை மெல்லுவதை நிறுத்தியது.

சமம் போட்டுத் தோற்றாலும் இரண்டு மிஞ்சும். ஆட்டம் மிஞ்சும். வகுப்புக்குப் போக வழி மிஞ்சும். — என்னடா இது, செத்தவன்கிட்ட போய் பயப்படறதா?

நான்கையும் தள்ளினேன். "ஏத்தறேன், தங்கராஜு."

காசிம் சமம் போட்டான். அப்பல்சாமி சீட்டைத் திருப்பினான். நான்கு ஒன்பது. என் கையைவிடப் பெரியது.

தங்கராஜின் பாயைச் சுருட்டக் கை வைத்தேன். இப்போதுதான் ஒருவன் எழுந்து போனதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

சேணத்தைக் கழற்றி அவிழ்த்துவிட்டோம். குதிரை திரும்பிப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் போயிற்று.

21-2

காசிம் வந்தான். "தோப்பேன்னு ஒனக்கு முன்னமே தெரிஞ்சிருச்சுல்ல? மொகத்துலயே எழுதியிருந்துச்சே. சமம் போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருந்தா இன்னும் இருவது வருசம் என்னைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்," என்றேன்.

"யாரு?"

நான் ஆற்றுப் பக்கம் பார்த்தேன்.

26-2, சனி

தடி ஊன்றி நடந்தே போனேன். விடிந்ததும் கிளம்பி மத்தியான வகுப்புக்குச் சரியாகச் சேர்ந்தேன். பாலசுப்பிரமணி வாத்தியார் என்னைவிட முப்பது வயது சின்னவர். "நடந்தா வந்தீங்க, ஐயா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். இன்று வகுப்பில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அவர் திருத்தவே இல்லை!

திரும்பும்போது, காலையில் போன தடம் சேற்றில் அப்படியே இருந்தது. என் கால், என் தடி. பக்கத்திலேயே, ஒரு முழம் தள்ளி, குளம்புத் தடம். நான் உட்கார்ந்து மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் அதுவும் நின்றிருந்தது. போகும்போது வழியில் ஒரு குதிரையையும் நான் பார்க்கவில்லை.

முழங்கால் வலித்ததா? யோசிக்கிறேன். நினைவில்லை.

அடுத்த சனிக்கிழமை தடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகப்போகிறேன். என்ன ஆயிற்று என்று அன்றைக்கு எழுதுவேன்.