அந்த மே எந்த மே?

என் பொன்னக்கா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் பிஎச்.டி. கைடு நன்றாகத்தான் இருக்கிறார். மாட்டுங்கா வீட்டுக்குப் புது சோபா வாங்கியிருக்கிறாராம். எனக்கு வயிறு எரிகிறது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

நம் தாராவி வீட்டு ஏணி நினைவிருக்கிறதா? மேல் தட்டில் நீ படுப்பாய், கீழே நான். எக்ஸிட்டான் என்றால் என்னவென்று நான் கேட்டபோது அதை வைத்துத்தான் சொன்னாய். ஒளி பட்டால் எலக்ட்ரான் எழும்பிவிடும், அது இருந்த இடம் காலியாகும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஜோடியாகத் திரியும். அந்த ஜோடிதான் எக்ஸிட்டான்.

"ஒரே தட்டுல கெடந்தா சட்டுனு சேந்து, பளிச்சுனு மின்னி முடிஞ்சிரும்ட்டி. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னா கூடக் கொஞ்ச நேரம் உசுரோட இருக்கும்லா" என்றாய்.

அதற்காகத்தானே அணு அளவே தடிமனுள்ள இரண்டு குறைக்கடத்திப் படலங்களை அடுக்கிக்கொண்டே இருந்தாய்? மேல் படலத்தை எத்தனை டிகிரி திருப்பி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பாய். அவசரத்தில் நோட்டில் "மே 2", "மே 3" என்று கிறுக்குவாய். மேல் படலம், மூன்று டிகிரி.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் கைடு போன் செய்தார். வீட்டில் தமிழ் பேசுகிறவர், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"நோட்ல மே, மேன்னு போட்டிருக்காளே, மே மாசம்தானேம்மா?"

முந்தின நாள்தான் உன்னோடு படித்த பெண் அவருடைய கட்டுரையின் வரைவை எனக்கு அனுப்பியிருந்தாள். உன் படங்கள், உன் அளவுகள். உன் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

"ஆமா சார், மே மாசந்தான்" என்றேன்.

பொய் சொன்னது தப்பா அக்கா? நீ இருந்தால் திட்டியிருப்பாய். டிகிரி தெரியாமல் லேபில் அவர்கள் அடுக்கி அடுக்கிப் பார்த்தார்களாம், உனக்கு வந்த ஒளி வரவேயில்லையாம். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

போன வாரம் செம்பூரில் அவர் பேச்சு. குர்லா ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஸ்லைடில் உன் கையெழுத்து, பக்கத்திலேயே 'மே 3 அன்று தயாரித்தது' என்று இங்கிலீஷில். எழுந்து நின்று இந்தியில் கேட்டேன்.

"எங்கள் அக்கா போன வருஷம் ஜூனில்தான் உங்கள் லேபில் சேர்ந்தாள். இந்த வருஷம் மார்ச்சில் இறந்துவிட்டாள். நடுவில் மே எங்கே வந்தது சார்?"

நீ எப்போது சேர்ந்தாய் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. தண்ணீர் குடித்தார். இது யாருடைய நோட்டு என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். நான் உன் முழுப் பெயரையும் சொன்னேன், இரண்டு முறை.

எல்லார் முன்னாலும் கேட்டு வாங்கிய நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் அவரிடமிருந்து போன் வருகிறது.

"அந்த மே என்னன்னு சொல்லும்மா, கட்டுரைல அவ பேரைக் கடைசில போட்டுடறேன்."

"மொத பேரா போடுங்க சார்."

அதுவரை நான் அவரிடம் வாய் திறக்க மாட்டேன், இது உன்மேல் சத்தியம். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன். அவர் கேட்கிற பதில் மேலே பச்சைத் தமிழில் கிடக்கிறது. ஊரே வாசிக்கட்டும். அவர் எழுத்துக் கூட்டி வந்து சேரட்டும்.

இன்னும் கீழ்த் தட்டிலேயே படுக்கிற
உன் தங்கச்சி