அரண்மனை முன்னால் எடுத்த படம்

அன்புள்ள அம்மாவுக்கு, போலந்திலிருந்து புஷ்பலதா. நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி? அண்ணனின் போனில் எல்லாவற்றையும் பேச முடியாது, அதனால்தான் கடிதம். தங்கச்சி சுபா வாசித்துக் காட்டட்டும்.

அண்ணன் வேலை இருக்கிறதென்று அனுப்பிவைத்த ஹோட்டல் ஒரு பாழடைந்த அரண்மனை. இடிபாடு அள்ளுகிறோம். பயப்படாதீர்கள், தேயிலைக் கொழுந்துக் கூடையைவிடப் பாரம் குறைவுதான். நேற்று நிலவறையில் துருப்பிடித்த தையல் மெஷின்கள் கிடந்தன. கூட வேலை செய்யும் உள்ளூர்க்காரி ஹெலினாவிடம் கேட்டேன். யுத்தகாலத்தில், அரண்மனையில் சமையல் வேலை என்று கூட்டிவந்த பெண்களை ஜெர்மன் ராணுவம் அங்கே அடைத்து, சீருடை தைக்க வைத்ததாம்.

"யாரு கூட்டிட்டு வந்தது?"

"அவங்க ஊர் ஆளுதான். தெரியாதவன் கூப்பிட்டா வருவாங்களா?"

தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடக்கிறதென்று ஆசைகாட்டி, அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து நம்மவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துவந்த கங்காணியும் சொந்தக்காரர்தானே.

வந்த அன்றே, "அம்மா பாக்கணுமாம், அரண்மனை முன்னால சிரிச்சுக்கிட்டு ஒரு படம் அனுப்பு" என்றார் அண்ணன். அனுப்பினேன். போனவாரம் நீங்கள், "ஒரு படம்கூட அனுப்பலியே" என்றீர்கள். இன்று இங்கே வேலைக்கு வந்திறங்கிய, நம் பக்கத்து வத்தேகம ஊர்ப் பெண்ணின் போனில் அந்தப் படம் இருக்கிறது. அதைக் காட்டித்தான் அண்ணன் ஆள் சேர்க்கிறாராம்.

"அடுத்தது உங்க தங்கச்சியாம், அக்கா" என்கிறாள்.

மிளகாய்த்தூளும் கொஞ்சம் மாசியும் அனுப்புங்கள். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். சுபாவின் பாஸ்போர்ட்டை அரிசி வாளிக்குள் வையுங்கள். அண்ணன் அந்த வாளியை ஒருநாளும் திறந்ததில்லை.

உங்கள் மகள்,
புஷ்பலதா