சுரண்டி எடுத்த லேபிள்

சவாயி தீவு,
4 மே 2011

என் செல்ல மகள் ஃபுவாதினோவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் உன் அப்பாவின் மானம் கப்பலேறிவிட்டது. போதகரின் மனைவிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பாதி வழியில் கண் இருட்டியது, வேர்த்துக் கொட்டியது. அப்படியே சாய்ந்து அவர் மடியில் தலை வைத்துவிட்டேனாம். மடியில் அவருடைய வெள்ளைத் தொப்பி இருந்திருக்கிறது. அது இனி கோயிலுக்கு ஆகாது. யாரோ ஆரஞ்சுத் தண்ணீரை வாயில் ஊற்றிய பிறகுதான் நான் யார் என்று எனக்கே தெரிந்தது. வீட்டில் உன் அம்மா கேட்கிறாள்: "இந்த வயசுல உனக்குப் போதகர் பொண்டாட்டி மடி கேக்குதோ?"

சர்க்கரை, சிறுநீரகம், இதயம், கால் கட்டைவிரலில் வாதம் என்று என் உடம்பில் நாலு பேர் குடியிருக்கிறார்கள். யார் வேலை இது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனால் நீ அனுப்பும் சர்க்கரை மாத்திரை மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு டப்பாவிலும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு அனுப்புகிறாயே, ஏன்? பழசா? நாய்க்குக் கொடுப்பதா? போனில் கேட்டிருப்பேன். நம் வீட்டுக்குச் சுவர் கிடையாது, நான் கேட்டால் ஊரே பதில் சொல்லும். அதனால்தான் கடிதம்.

உன் அப்பா,
ஃபலனிகோ


ஆக்லாந்து,
15 மே 2011

அன்புள்ள அப்பாவுக்கு,

பஸ் கதை எழுதிச் சிரிக்க வைத்துவிட்டு, சர்க்கரை எவ்வளவு என்பதை எழுதாமல் நழுவுகிறீர்கள். போன மாதம் சித்தி கையில் கொடுத்தனுப்பிய சர்க்கரை நோட்டைப் பார்த்தேன். முப்பது நாளும் ஏழு, டாக்டர்கள் மெச்சும் அதே ஏழு. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு பக்கத்தில் ஒரே மீன்கறை. நான் முதியோர் விடுதியில் துணி துவைப்பவள் அப்பா, கறையைப் பார்த்தே கதை சொல்லிவிடுவேன். யாரை ஏமாற்றுகிறீர்கள்?

இன்னொன்று. முப்பது நாளைக்கு வர வேண்டிய டப்பா பதினெட்டு நாளில் எப்படித் தீர்ந்தது? பக்கத்து வீட்டு ஃபிசோ மாமாவுக்குப் பங்கு போகிறதா?

லேபிள் இருந்தால் சுங்கத்தில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதனால்தான் சுரண்டுகிறேன். வேறொன்றும் இல்லை.

உங்கள் மகள்,
ஃபுவாதினோ


சவாயி,
29 மே 2011

ஃபுவா,

பிடித்துவிட்டாய். அந்த நோட்டை ஒரு வெள்ளிக்கிழமை ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். ஏழு எழுதினால் மேலே என்கிற நம் ஊர் நர்ஸ் சந்தோஷப்படுவாள், நீயும் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். விரலில் குத்தினால் வலிக்கிறது, பேனாவுக்கு வலிக்காது.

ஃபிசோ விஷயமும் உண்மைதான். மீன் வந்தால் பங்கு வைக்கிறோம். பெட்டி வந்தால் "என் மகள் அனுப்பியது!" என்று எல்லார் முன்னாலும் சத்தமாக அறிவிக்கிறோம். அப்படி அறிவித்துவிட்டு மூடி வைத்துக்கொண்டால் நான் என்ன தலைவன்? ஃபிசோவுக்கும் சர்க்கரை. "உன் பொண்ணு மாத்திரை நல்லாக் கேக்குதுய்யா" என்கிறான்.

உன் சுங்கக் கதையை நான் நம்பவில்லை. வீட்டிலிருந்த மாத்திரை அத்தனையையும் சமையல் பானையில் அள்ளிப் போட்டு நர்ஸ் மேலேயிடம் கொண்டுபோனேன். அவள் ஒவ்வொன்றாகப் பாய்மேல் பிரித்து வைத்தாள். அவள் கொடுத்த மாத்திரையையும் நீ அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பெரியவரே, ரெண்டும் ஒரே மருந்து. பேருதான் வேற. டபுளா முழுங்கியிருக்கீங்க! இந்தச் சிறுநீரகத்த வச்சுக்கிட்டு! பஸ்ஸுல கண்ணு முழிச்சதே பெரிசு."

போன வருஷம் இங்கே மருந்து தீர்ந்தபோது நீ அனுப்ப ஆரம்பித்தாய். இங்கே மறுபடி வந்தது. உன்னிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. இரண்டையும் தின்றேன். சேம்பு இரண்டு தட்டு வந்தால் ஒன்றைத் திருப்பியா அனுப்புவேன்?

"ஊர்க் கூட்டத்துல அவ்வளவு பேசுறீங்க. இங்க வந்தா மட்டும் ஏன் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுறீங்க? இது எதுக்கு, எத்தனை வேளைன்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். ஒரே தாளில் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதிக்கொண்டேன். ஒன்பது மாத்திரை. எது எதற்கு என்று இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

பானையின் அடியில் உன் டப்பா ஒன்று கிடந்தது. அதில் லேபிள் முழுசாகப் போகவில்லை. "ஃபுவாதினோ ஃபலனிகோ. தினம் இரண்டு" என்று இருக்கிறது.

அது யாருடைய மாத்திரை?

அப்பா


ஆக்லாந்து,
9 ஜூன் 2011

அப்பா,

என்னுடையது.

ஆறு வருடமாக எனக்கும் சர்க்கரை. தினம் இரண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு என்று வைத்துக்கொண்டேன். பாதிச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிறேன், பாதி மாத்திரையை அனுப்பினால் என்ன என்று தோன்றியது. தப்பு என்று நிஜமாகவே தோன்றவில்லை அப்பா. டாக்டர் கேட்டால் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்பேன். அவர் சந்தேகமாகப் பார்ப்பார், நான் சிரிப்பேன்.

இப்போது இடது கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

ஃபுவா


சவாயி,
20 ஜூன் 2011

என் மகளே,

இந்தக் கடிதத்தோடு கடைசியாக வந்த, பிரிக்காத இரண்டு டப்பாவும் திரும்பி வருகிறது. மறுபடி அங்கே வரும் உன் சித்தி கையில் கொடுத்திருக்கிறேன். நீ முழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போவாள். ஃபிசோவை மேலேயிடம் இழுத்துப்போய் அவன் பெயரையும் பதிய வைத்தேன். வாத்து மாதிரி கத்திக்கொண்டே வந்தான்.

டாக்டரிடம் உண்மையைச் சொல். இத்தனை மாதம் ஒன்றுதான் சாப்பிட்டேன் என்று சொல். இனி எத்தனை என்று அவர் சொல்லட்டும். கண்ணைக் காட்டு. சிரித்து மழுப்பாதே, அது என்னிடமிருந்து வந்த பழக்கம். உன்னுடைய மருந்தையும் ஒரே தாளில் எழுதி எனக்கு ஒரு நகல் அனுப்பு. உன் எழுத்தை நான் நம்பமாட்டேன், என் எழுத்தை நீயும் நம்ப வேண்டாம். சோதிக்கும் மிஷினில் தெரியும் எண்ணைப் படமெடுத்து அனுப்பு, நானும் அனுப்புகிறேன். இந்த வாரம் எனக்கு ஒன்பது, பன்னிரண்டு, எட்டு, ஞாயிற்றுக்கிழமை பதினைந்து. ஞாயிற்றுக்கிழமை என்ன தின்றேன் என்று கேட்காதே.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. கண்ணைக் காட்டிவிட்டு நீயே சொல்ல வேண்டும்.

பானையோடு போன அன்று நர்ஸ் மேலே என்னிடம் ஒன்று கேட்டாள்: "இந்த லேபிள்ல மக பேர நீங்க எப்போ பாத்தீங்க?"

"நேத்துதான்" என்றேன்.

நேற்று இல்லை ஃபுவா. பிப்ரவரியில் வந்த டப்பாவிலேயே உன் பெயரோடு லேபிளின் ஒரு ஓரம் ஒட்டியிருந்தது. கண்ணாடி போடாமல் பார்த்தேன். தப்பாகத் தெரிகிறது என்று வைத்துக்கொண்டேன். அந்த டப்பா தீரும்வரை விழுங்கினேன்.

அப்பா