உட்கார்ந்திருக்கும் மணமகளுக்கு

பிப்ரவரி 3

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வெளியே சொல்ல முடியாவிட்டால் இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

இன்று மறுபடியும் அதே வேலை. ‘இந்தப் பருவத்தின் மனம் கவர்ந்த மணமகள் கவுன்கள் – யாருக்கு எது?’ உயரமானவளுக்கு மீன்வால் கவுன். குள்ளமானவளுக்கு இடுப்பு ஏறிய வெட்டு. பருமனானவளுக்கு, மறைக்க வேண்டியதை மறைக்கும் முழுக்கை. நாற்பதைத் தாண்டியவளுக்கு ‘அடக்கமான’ சாம்பல் கலந்த வெள்ளை. இலக்கியத்தில் இரண்டு பட்டம் வாங்கியவன் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே ஆசிரியரின் பெயர் வரும். அவள் இந்தப் பத்திரிகைக்குப் பயிற்சிக்கு வந்தபோது எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று சொல்லிக் கொடுத்தவன் நான். இன்று என் மேசையருகே நின்று, “உங்க நடை எனக்கு நல்லாப் பொருந்துது சார்” என்றாள். கடன் வாங்கிப் போட்ட சட்டையைப் பற்றிச் சொல்வதுபோல.

பிப்ரவரி 7

தங்கை மகளுக்கு ஏப்ரலில் திருமணம். அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரி நாளில் நடந்த விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. இப்போது வங்கியில் வேலை. வாய் மட்டும் ஓய்வதே இல்லை. அந்த உலகத்திலேயே கிடக்கிறாயே, அவளுக்கு ஒரு நல்ல கவுன் பார்த்துத் தரக்கூடாதா என்று தங்கை கேட்டாள். பழைய இதழ்களை எடுத்துக்கொண்டு போனேன்.

வாலு எல்லாவற்றையும் புரட்டினாள்.

“மாமா, இதுல எல்லாப் பொண்ணும் நின்னுக்கிட்டே இருக்காளே. யாருக்குமே கால் வலிக்காதா?”

சிரித்துவிட்டேன். பேருந்தில் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. இருபது வருடமாக எழுதுகிறேன். என் பட்டியலில் ஒருத்தியும் உட்கார்ந்ததில்லை.

பிப்ரவரி 15

டிசைனரிடம் போனோம். மனசுக்குள் நான் அவனை மேதை என்றுதான் கூப்பிடுவது. வருடா வருடம் பட்டியலின் உச்சியில் அவனை ஏற்றி வைப்பது நான். நன்றி ஆசிரியருக்குப் போகும். வெட்கத்தைவிட்டு இந்த ஒரு உதவி கேட்டேன். ஒப்புக்கொண்டான்.

துணி வெட்டும் மேசைமேல் வாலுவைப் படுக்கவைத்து அளந்தான். அப்போதுதான் உண்மையான உயரம் தெரியுமாம். “பாத்து, கையோட வெட்டிடாதீங்க” என்று சொல்லியபடியே படுத்திருந்தாள். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. கேட்டேனா? கேட்கவில்லை. அவன் மேதை, நான் வெறும் எழுதுகிறவன்.

மார்ச் 8

கடையில் பொம்மைமேல் மாட்டி வைத்திருந்தான். அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். தோளிலிருந்து தரைவரை ஒரே வீச்சு. முதுகில் கழுத்து முதல் கீழ்வரை முத்துப் பொத்தான்கள். பின்னால் இழுபடும் நீண்ட வால்.

வாலுவுக்கு மாட்டினார்கள். மடியில் துணி மூட்டையாகக் குவிந்தது. கழுத்துப்பட்டி மோவாயில் ஏறியது. இடுப்புக் கம்பி விலாவில் குத்தியது. நாற்காலியை ஒரு முறை திருப்பினாள். வால் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்தது. அதெல்லாம்கூடப் போகட்டும். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. அவள் உட்கார்ந்திருந்தது அந்தப் பொத்தான்களின் மேல். ஒரு மாலை முழுக்க அப்படி இருந்தால் தோல் அழுந்திப் புண்ணாகும். புண்ணான பிறகுதான் அவளுக்கே தெரியும். ஒரு முறை அப்படி வந்து மாதக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்தவள் அவள்.

இதைச் சொன்னேன். மேதை கிழிசலைத் தடவிக்கொண்டிருந்தான். “கவுன்ல எந்தக் குறையும் இல்ல சார். பொம்மை மேல நீங்களே பாத்தீங்க” என்றான்.

“அப்ப பொம்மைக்கே கல்யாணம் பண்ணி வெச்சிடுங்க” என்றாள் வாலு.

மார்ச் 9

கவுனில் குறையில்லையாம். அப்படியானால் குறை யாரிடம் என்று சொல்கிறான்?

மார்ச் 12

என் வாழ்க்கையில் எழுத நேரும் என்று நினைக்காத ஒன்றை எழுதுகிறேன். இன்று கவுன் போட்டுக்கொண்டேன்.

முந்தாநாள் கத்திவிட்டுத்தான் வந்தேன் மேதையிடம். அடுத்த பருவம் உன் பெயர் எங்கே வருகிறது பார்க்கிறேன் என்று. அது கையாலாகாதவனின் மிரட்டல்தான், பலித்துவிட்டது. உட்கார்ந்த உடம்பின்மேல் வைத்துத்தான் வெட்ட வேண்டும் என்று அவனுக்கும் புரிந்தது. ஆனால் வாலுவால் நாள் முழுக்க அங்கே உட்கார முடியாது. தன் பழைய நாற்காலியை அனுப்பிவிட்டுப் போனில் சொன்னாள்: “இவ்வளவு வருஷம் கவுனைப் பத்தி எழுதறீங்க. ஒரு நாள் போட்டுத்தான் பாருங்களேன் மாமா.”

சக்கரம் தள்ளித் தள்ளி அவள் தோள் அகலமானது. நான் ஒல்லி. அளவு ஏறக்குறைய ஒன்று. முரட்டு வெள்ளைத் துணியில் ஒட்டுப்போட்ட மாதிரிக் கவுனுக்குள், வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வந்த மணப்பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

ஆனால் தெரிந்துகொண்டேன். கையைச் சக்கரத்தில் வைத்தால் முழுக்கை அழுக்காகிறது. இடுப்பில் முன்பக்கம் குறைய வேண்டும், பின்பக்கம் ஏற வேண்டும். பாவாடையும் மேல்சட்டையும் தனித்தனியாக இருந்தால் மூச்சு வருகிறது. பொத்தான் இருக்கவேண்டிய இடம் தோள். மேதை வாயில் ஊசிகளைக் கடித்தபடி என்னைச் சுற்றி வந்தான். நான் சொல்லச் சொல்லக் குத்தினான். அந்தத் தொழிலில் என் பேச்சை ஒருவன் கேட்டது இதுவே முதல் தடவை.

மார்ச் 20

பட்டியலை முதலிலிருந்து எழுதினேன். படத்தைப் பார்த்து அல்ல. கடை கடையாக ஏறி, போட்டுப் பார்த்த பெண்களிடம் கேட்டு. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டிய மணமகளுக்கு எது. வியர்த்துக் கொட்டுகிறவளுக்கு எது. ஆடப்போகிறவளுக்கு எது. ஐம்பது வயதில் மணம் செய்துகொண்டு சிவப்பு கேட்கிறவளுக்கு எது. கடைசியில், உட்கார்ந்திருக்கும் மணமகளுக்கு. நன்றாக வந்திருக்கிறது. எனக்கே தெரிகிறது.

மார்ச் 22

பட்டியலைப் படித்துவிட்டு ஆசிரியர் கூப்பிட்டாள். மற்றதெல்லாம் வேண்டாமாம், கடைசிப் பகுதி மட்டும் போதுமாம். நாற்காலியில் வாலு, முழுப்பக்கப் படம். விபத்தைப் பற்றி விரிவாக. “படிக்கிறவங்க கண்ணு கலங்கணும் சார். உங்க பேர்லயே போடலாம். உங்க போட்டோவும்.”

என் பெயர். ஐம்பத்து மூன்று வயதில்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன்?

மார்ச் 26

வாலுவிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். கல்யாணத்தில் அவள் மணப்பெண்ணாம். பத்திரிகையில் போட்டால் பாடமாகிவிடுவாளாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்காகக் கவுன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன், என் பேரு ஒரே ஒரு தடவை வரக்கூடாதா என்று கேட்டேன். சத்தமாகத்தான். தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“வரணும் மாமா” என்றாள் வாலு. “என் மேல ஏறிக்கிட்டு வர வேணாம்.”

மார்ச் 27

வாலுவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 30

முடியாது என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். தோளைக் குலுக்கினாள். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை. கைக்கு வந்த பெயர் போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சல்தான்.

ஏப்ரல் 20

திருமணம் முடிந்தது. மேடைக்குப் போகும் நீண்ட பாதையில் அவளே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனாள், எதுவும் சிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தது, பாவம் என்று இல்லை. எந்தக் கடை என்று. இரவு தங்கை அவள் தோலைப் பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினாள்: ஒரு சிவப்புக்கூட இல்லை.

மே 4, ஞாயிறு

இதழ் வந்துவிட்டது. பிப்ரவரியில் நான் எழுதிய வாக்கியங்களையே ஆசிரியர் எடுத்து மாற்றிப் போட்டிருக்கிறாள். நாற்பதைத் தாண்டியவளுக்கு அதே அடக்கமான சாம்பல். பருமனானவளுக்கு அதே மறைப்பு. எல்லாரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். மேலே அவள் பெயர்.

மதியம் என் பட்டியலை மறுபடி படித்தேன். இது என் அலமாரியில் கிடந்து யாருக்கு என்ன? இணையத்தில் போட்டால் தேடுகிறவளுக்குக் கிடைக்கும். கடைசிப் பகுதியில் விபத்து, வங்கி, வயது எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். துணி, கை, பொத்தான், சக்கரம் மட்டும் மிச்சம்.

ஆனால் என் பெயர் போட்டால் எங்களைத் தெரிந்தவர்கள் யாரைப் பற்றி என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆசிரியருக்கு என் நடை தெரியும். தெரியட்டும். வெளியே சொல்ல மாட்டாள். சொன்னால், அவள் பெயரில் வந்ததெல்லாம் யார் எழுதியது என்ற கேள்வி வரும். அதில் ஒரு சின்னத் திருப்தி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுதியவர் என்ற கட்டத்தில் என் பெயரைத் தட்டச்சு செய்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அழித்துவிட்டேன். காபி ஆறுவதற்குள் பட்டியலைப் போட்டுவிடுவேன்.