கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம்

மார்ச் 3, செவ்வாய்
மாலை தம்பி வந்தான். சினிமாவில் இருபது வருடமாக வில்லன். மாடி வீட்டுக் குழந்தை அவனைப் படியில் பார்த்ததும் வீறிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தது. அவன் சிரித்தான். அது இன்னும் மோசம்.

வியாழக்கிழமை ஒரு பள்ளி வாத்தியார் வேடத்துக்கு அவனைக் கேமரா முன் நிறுத்திப் பார்க்கப்போகிறார்களாம். "இது கிடைக்கலேன்னா கடைசி வரைக்கும் கத்தியும் கையுமாத்தான், அக்கா." நல்லவன் யார், கெட்டவன் யார் என்பதை வெளிச்சமே சொல்லிவிடும் என்கிறான். கதைதானே சொல்லும்? கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவளிடம் கதை அளக்காதே என்றேன்.

மார்ச் 4
அவனுடைய மூன்று படங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். எண்ணினேன். நாயகனின் முகம் திரை நிறைய வந்தது நாற்பத்தொரு முறை. முப்பத்தெட்டில் கருவிழியில் ஒரு பொட்டு வெளிச்சம். தம்பிக்கு முப்பது முறை. ஒன்றில்கூட இல்லை. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு குழிகள்.

இத்தனை வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 5
அவனோடு ஸ்டூடியோவுக்குப் போனேன். நரைத்த மீசை, வெளிர்நீலச் சட்டை. மானிட்டரில் அதே கொலைகாரன். சட்டை மட்டும் எந்த வாத்தியாரிடமிருந்தோ பிடுங்கியது போல.

இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். "சாரி சார். முகம் ஒத்துழைக்க மாட்டேங்குது."

தம்பி தலையாட்டிவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான். அங்கே பேச நான் யார்? பேசிவிட்டேன். "முகம் இல்லைங்க. கண்ணுல வெளிச்சமே விழல."

ஒளிப்பதிவாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாருக்கு யாருப்பா சைடுல லைட் வெச்சது?"

லைட்மேன் தலையைச் சொறிந்தார். "யாரும் சொல்லலண்ணே. சார் வந்து நின்னாரு, கை தானாப் போயிருச்சு."

பக்கவாட்டு விளக்கை அணைத்து, கேமராவுக்கு மேலே சின்னதாக ஒன்றைப் பொருத்தினார்கள். உள்ளங்கை அளவுதான்.

தம்பியின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. ஆனால் மானிட்டரில் — அது அம்மா படுக்கையில் கிடந்தபோது தலைமாட்டை விட்டு நகராதவன். எனக்குத் தெரிந்தவன்.

"வணக்கம், வாத்தியாரே," என்றார் இயக்குநர், மெதுவாக.

மார்ச் 6
வாய்மொழித் தேர்வில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உட்காருகிற மாணவர்களுக்கு இத்தனை காலம் கூடுதல் மதிப்பெண் போட்டிருக்கிறேனா? சரிபார்க்க வேண்டும்.

நவம்பர் 19
படம் வெளிவந்து பத்து நாள். தம்பி வந்தபோது மின்சாரம் இல்லை. மாடி வீட்டுக் குழந்தை இறங்கி வரும் சத்தம் கேட்டதும், வழக்கம்போலச் சுவரோடு ஒதுங்கி நின்றான். அது கடைசிப் படியில் நின்று காலை நீட்டியது.

"வாத்தியார் மாமா, செருப்பு மாட்டி விடுங்க."

படிக்கட்டு அரையிருட்டு. அவன் கண்ணே தெரியவில்லை. மண்டியிட்டு, தடவித் தடவி, வாரை மாட்டினான்.